டென்னிஸ் எல்போ: வலி போவது வேறு, தசைநாண் தேறுவது வேறு

"அடுத்த போட்டிக்கு இன்னும் மூன்று வாரம்தான் இருக்கு. அதுக்குள்ள சரியாயிடுமா?" முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கும் டென்னிஸ் எல்போவோடு வரும் விளையாட்டு வீரர்கள் அநேகமாக எல்லோரும் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மூன்று வாரத்தை மட்டும் மனதில் வைத்துச் சிகிச்சையைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. மூன்று வாரத்தில் வலியை அடக்கிவிடும் ஸ்டீராய்டு ஊசி ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக்கொண்டவர்கள் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், எந்தச் சிகிச்சையும் எடுக்காமல் காத்திருந்தவர்களைவிடப் பின்தங்கியிருக்கிறார்கள் என்று 20 ஆண்டுகளுக்கும் மேலாக ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அப்படியிருந்தும் அந்த ஊசிக்கான அவசரம் குறையவில்லை. அறுவை சிகிச்சை இல்லாமல் இந்த வலியிலிருந்து மீள என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதை எவ்வளவு நம்பலாம் என்று ஒரு விளையாட்டு வீரரின் பக்கமிருந்து பார்ப்போம்.

முதலில், உள்ளே என்ன நடக்கிறது? முழங்கையின் வெளிப்பக்கம் துருத்திக்கொண்டு ஓர் எலும்பு முனை இருக்கிறது. மணிக்கட்டையும் விரல்களையும் பின்னோக்கித் தூக்கும் தசைகள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. அவற்றில் எக்ஸ்டென்சர் கார்பி ரேடியாலிஸ் பிரெவிஸ் என்ற தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்ற நாண்தான் இந்தக் கோளாறில் பெரும்பாலும் பாதிக்கப்படுகிறது. நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது மணிக்கட்டு உள்ளே மடங்கிவிடாமல் நிறுத்தி வைப்பது இந்தத் தசையின் முக்கியமான வேலை. அதனால்தான் மட்டையைப் பிடித்தால் வலிக்கிறது, கைகுலுக்கினால் வலிக்கிறது, தண்ணீர் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கினால் வலிக்கிறது. பந்து மட்டையில் மோதும் அந்தக் கணத்தில் வரும் அதிர்ச்சியை முன்கை முழுவதும் வாங்கிக்கொண்டாலும், கடைசியில் இழுபடுவது எலும்போடு ஒட்டியிருக்கும் அந்தச் சின்ன இடம்தான்.

ரொம்ப நாளாக இதை வீக்கம், அழற்சி என்றே நினைத்துச் சிகிச்சை கொடுத்துவந்தார்கள். 1979இல் நிர்ஷல், பெட்ரோன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள், அறுவை சிகிச்சையில் எடுத்த தசைநாண் திசுவில் தாங்கள் கண்டதை எழுதினார்கள். எதிர்பார்த்த அழற்சி அங்கே இல்லை. நாணுக்கு வலு தரும் புரதமான, ஒழுங்காக அடுக்கியிருக்க வேண்டிய கொலாஜன் இழைகள் கலைந்துகிடந்தன. ஆற முயன்று பாதியில் நின்றுபோனதுபோல் புதுச் சிறு ரத்தக் குழாய்கள் குறுக்கும் நெடுக்குமாக வளர்ந்திருந்தன. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளும் பெரிய அளவில் இதையே உறுதிப்படுத்தின. நாள்பட்ட டென்னிஸ் எல்போ என்பது தாங்க முடியாத சுமையால் தசைநாண் மெல்லச் சிதைந்த நிலை. சிகிச்சை பற்றிய பேச்சு முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கிறது. அழற்சிதான் பிரச்சினை என்றால் அழற்சியை அடக்கினால் போதும். சிதைந்த நாண்தான் பிரச்சினை என்றால் அதை மறுபடி உறுதியாக்க வேண்டும். அது மாதக்கணக்கில் ஆகும் வேலை.

பெரியவர்களில் 100க்கு ஒன்று முதல் மூன்று பேர்வரை இந்த வலி இருக்கிறது. 40, 50 வயதை ஒட்டித்தான் அதிகம். டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்கள்தான் நோயாளிகளில் பெரும்பான்மை. விளையாட்டுகள் என்று எடுத்துக்கொண்டால் டென்னிஸ் தவிர பேட்மின்டன், ஸ்குவாஷ், டேபிள் டென்னிஸ், கிரிக்கெட் பேட்டிங், கோல்ஃப், பளுதூக்குதல், பாறை ஏறுதல் என எதிலெல்லாம் இறுக்கிப் பிடிப்பது முக்கியமோ அதிலெல்லாம் வரும். வீரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் வலிக்குக் கொஞ்சம் முன்பு ஏதோ ஒன்று மாறியிருப்பது தெரியவரும். பயிற்சி நேரம் திடீரென்று கூடியிருக்கும். புது மட்டை வந்திருக்கும். நீண்ட இடைவெளிக்குப் பிறகு நேரடியாகப் போட்டியில் இறங்கியிருப்பார்கள்.

சிகிச்சைக்குள் போகும் முன் ஒரு எச்சரிக்கை. முழங்கையின் வெளிப்பக்க வலி எல்லாமே டென்னிஸ் எல்போ ஆகிவிடாது. வலி எலும்பு முனையில் இல்லாமல் நாலைந்து சென்டிமீட்டர் கீழே, முன்கைத் தசைக்குள் ஆழமாக இருந்தால் ரேடியல் நரம்பு அங்கே அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்தைத் திருப்பினால் கை வலிக்கிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் வேர் கழுத்தெலும்புகளுக்கிடையில் இருக்கலாம். முழங்கை மாட்டிக்கொள்கிறது, நழுவுவதுபோல் இருக்கிறது என்றால் மூட்டுக்குள்ளேயே கோளாறு. பதின்ம வயதில் பந்து எறிபவர், ஜிம்னாஸ்டிக்ஸ் செய்பவர் என்றால் இன்னும் கவனம் வேண்டும். அந்த வயதில் டென்னிஸ் எல்போ அரிது. மூட்டுக்குள் குருத்தெலும்பும் அதன் அடியிலுள்ள எலும்பும் பாதிக்கப்படும் கோளாறுதான் அங்கே பெரிய கவலை. அதைத் தவறவிட்டால் முழங்கை நிரந்தரமாகக் கெட்டுப்போகும். மருத்துவர் தன் கையால் அழுத்தி, அதை எதிர்த்து மணிக்கட்டையோ நடுவிரலையோ தூக்கச் சொல்லிச் செய்யும் பரிசோதனைகளே பெரும்பாலும் போதும். ஸ்கேனில் தசைநாண் தேய்ந்து தெரிவதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம்; வலியே இல்லாத பலரின் முழங்கையிலும் அதே மாற்றங்கள் தெரிகின்றன.

ஸ்டீராய்டு ஊசியின் கணக்கு

2002இல் நெதர்லாந்தில் 185 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்து ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டு ஊசி, ஒரு பிரிவுக்கு பிசியோதெரபி, இன்னொரு பிரிவுக்கு "கொஞ்ச நாள் பொறுங்கள்" என்ற ஆலோசனை மட்டும். ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 சதவீதம் பேர் நன்றாகிவிட்டதாகச் சொன்னார்கள். பிசியோதெரபி பிரிவில் 47 சதவீதம், காத்திருந்தவர்களில் 32 சதவீதம். இங்கேயே ஆய்வை நிறுத்தியிருந்தால் ஊசிக்குத்தான் வெற்றி. ஆனால் 52 வாரம்வரை தொடர்ந்து பார்த்தார்கள். அப்போது பிசியோதெரபி பிரிவு 91 சதவீதம், காத்திருந்தவர்கள் 83 சதவீதம், ஊசி போட்டவர்கள் 69 சதவீதம். வரிசை தலைகீழாகிவிட்டது.

2006இல் ஆஸ்திரேலியாவில் 198 பேரை வைத்து நடந்த ஆய்விலும் இதே கதைதான். ஊசியால் சீக்கிரம் தேறியவர்களில் 72 சதவீதம் பேருக்கு வலி திரும்பி வந்தது. ஊசியின் விளைவா, ஊசி போட்டதும் கையை அதிகமாகப் பயன்படுத்திவிட்டதன் விளைவா என்ற சந்தேகம் அப்போதும் இருந்தது. அதே நாட்டில் 165 பேரோடு நடந்து 2013இல் வெளிவந்த இன்னோர் ஆய்வு, ஸ்டீராய்டு ஊசியையும் மருந்தில்லாத உப்புநீர் ஊசியையும் யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாமல் ஒப்பிட்டது. ஒரு வருட முடிவில் நன்றாகத் தேறியவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 83 சதவீதம், உப்புநீர் பிரிவில் 96 சதவீதம். மறுபடி வலி வந்தவர்கள் ஸ்டீராய்டு பிரிவில் 54 சதவீதம், உப்புநீர் பிரிவில் 12 சதவீதம். ஸ்டீராய்டோடு பிசியோதெரபியைச் சேர்த்தும் இந்தப் பாதகத்தை ஈடுகட்ட முடியவில்லை.

இந்த எண்களை ஒரு விளையாட்டு வீரர் வேறு கண்ணோடு படிக்க வேண்டும். சாதாரண வேலை செய்பவருக்கு வலி திரும்பினால் தொல்லை. வீரருக்கோ அது அடுத்த பருவமே கைவிட்டுப் போவது. அதிலும் ஊசி போட்ட இரண்டாம் வாரம் வலியே இல்லாதபோது அவர் முழு வேகத்தில் அடிப்பார். நாண் தேறியிருக்காது, எச்சரிக்கை மணியை மட்டும் அணைத்திருக்கிறோம். ஸ்டீராய்டு கொலாஜன் உருவாவதைக் குறைக்கக்கூடியது, திரும்பத் திரும்பப் போட்டால் தசைநாணையும் பக்கத்தில் எலும்புகளை இணைக்கும் தசைநார்களையும் பலவீனப்படுத்தக்கூடியது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், போட்டிக்கு முன் அவசர ஊசி என்ற பழக்கத்தை நான் தவறு என்றே சொல்வேன். தூங்கவே முடியாத அளவு வலி இருப்பவருக்கு, பின்விளைவைச் சொல்லி, ஒரே ஒரு முறை கொடுப்பதை ஏற்கலாம். மூன்றாவது, நாலாவது ஊசிக்கு எந்த நியாயமும் இல்லை.

அப்புறம், இன்னொரு விஷயமும் போட்டியாளர்களுக்கு மட்டுமே உரியது. உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையான வாடா, 2022 ஜனவரி 1 முதல், குளுக்கோகார்ட்டிகாய்டு வகை ஸ்டீராய்டுகளை எந்த இடத்தில் ஊசியாகப் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை என்று அறிவித்துவிட்டது. முழங்கையில் போடும் ஊசியும் இதில் அடக்கம். ஊசிக்கும் போட்டிக்கும் இடையில் குறைந்தது மூன்று நாள் இருக்க வேண்டும். டிரையம்சினலோன் போன்ற சில மருந்துகளுக்குப் பத்து நாள். மருத்துவரிடம் போட்டித் தேதியைச் சொல்லுங்கள், போட்ட மருந்தின் பெயரையும் அளவையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாமல் நடந்தது என்ற பதில் விசாரணையில் எடுபடுவது கடினம்.

சுமையைக் கொடுத்துத் தேற்றுவது

தசைநாண் ஓய்வால் வலுவடையாது. முழு ஓய்வு கொடுத்தால் வலி குறையும், ஆனால் நாணும் தசையும் இன்னும் மெலியும். திரும்ப மட்டையைப் பிடித்த முதல் வாரமே வலி வந்து நிற்கும். சுமை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடக்கூட, நாணில் உள்ள செல்கள் புதுக் கொலாஜனை உருவாக்கி, இழுவிசையின் திசையில் அடுக்குகின்றன. அதனால் சிகிச்சையின் நடுநாயகம் உடற்பயிற்சிதான். மற்ற எல்லாமே அதைச் செய்யவிடும் துணைகள்.

ஆரம்பத்தில், வலி சட்டென்று தூண்டப்படும் கட்டத்தில், அசைவில்லாத பயிற்சி நல்லது. முன்கையை மேஜையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டி, ஒரு கிலோ அல்லது அதற்கும் குறைவான எடையைப் பிடித்து மணிக்கட்டை நேராக நிறுத்திவைக்க வேண்டும். 30 முதல் 45 வினாடி. இடையில் ஒன்றிரண்டு நிமிடம் ஓய்வு. இப்படி நாலைந்து முறை. முழங்கை மடங்கியிருந்தால் நாணின் மேல் இழுப்பு குறைவு. வாரங்கள் போகப் போக முழங்கையை மெல்ல நீட்டிச் செய்யலாம். முழங்கை நீண்ட நிலையில்தான் வலி அதிகம், ஆட்டத்தில் தேவைப்படுவதும் அந்த நிலைதான்.

அடுத்தது மெதுவான அசைவு. எடையோடு மணிக்கட்டை மேலே தூக்கி, மூன்று நாலு வினாடி எடுத்துக்கொண்டு கீழே இறக்குவது. வலி கூடுதலாக இருந்தால் மேலே தூக்க மற்றக் கையின் உதவியை எடுத்துக்கொண்டு, இறக்குவதை மட்டும் வலிக்கும் கையால் செய்யலாம். 15 முறை கொண்ட மூன்று சுற்று என்று தொடங்குவது வழக்கம். பிறகு எடையைக் கூட்டி எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பலர் தோற்பது இந்த இடத்தில்தான். அரைக் கிலோவில் தொடங்கியவர் மூன்று மாதம் கழித்தும் அரைக் கிலோவிலேயே இருப்பார், "எக்சர்சைஸ் பண்ணிப் பார்த்தேன், பலனில்லை" என்பார். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரும் பந்தைத் திருப்பி அடிக்க வேண்டிய கைக்கு அரைக் கிலோ எப்படிப் போதும்? எட்டு முறைக்கு மேல் தூக்க முடியாத எடைவரை படிப்படியாகப் போக வேண்டும். அந்தக் கட்டத்தில் தினமும் செய்யாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வது நல்லது. கடும் சுமைக்குப் பின் முதல் 24 முதல் 36 மணி நேரம் நாணில் கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம்; அதன் பிறகுதான் தராசு உருவாகும் பக்கம் சாய்கிறது. அந்த இடைவெளியைக் கொடுக்காமல் மறுநாளே ஏற்றினால் கட்டுவதற்கு முன்பே இடிக்கிறோம்.

முறுக்கக்கூடிய ரப்பர் கோல் ஒன்றை வைத்துச் செய்யும் பயிற்சியும் வீரர்களிடையே பிரபலம். வலிக்கும் கையால் கோலைச் செங்குத்தாகப் பிடித்து, மணிக்கட்டைப் பின்னோக்கி வளைத்து, நல்ல கையால் மறுமுனையைப் பிடித்து முறுக்கி, இரண்டு கைகளையும் முன்னே நீட்டிய பிறகு வலிக்கும் கையின் மணிக்கட்டை மெல்ல விட்டு முறுக்கைப் பிரியவிட வேண்டும். 2010இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் வழக்கமான பிசியோதெரபியோடு இதைச் சேர்த்தவர்கள் நன்றாகத் தேறினார்கள். ஆய்வில் இருந்தவர்கள் 21 பேர் மட்டும், ஆகவே அதை மாயக்கோலாக நினைக்க வேண்டாம். பயணங்களில் பையில் போட்டுக்கொண்டு போகலாம் என்பதே இதன் பெரிய வசதி. சுத்தியலின் அடிமுனையைப் பிடித்து உள்ளங்கையை மேலும் கீழும் மெதுவாகத் திருப்பும் பயிற்சியும் இதோடு சேரும்.

வலியோடு பயிற்சி செய்யலாமா? செய்யலாம், ஓர் எல்லைக்குள். வலிக்குப் பத்தில் மதிப்பெண் போட்டால் மூன்று, மிஞ்சினால் நாலுவரை பரவாயில்லை. முக்கியமாகப் பார்க்க வேண்டியது மறுநாள் காலை. முந்தைய நாள் பயிற்சிக்கு முன் இருந்த அளவுக்கு வலி இறங்கியிருந்தால் சுமை சரி. கூடியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும். கொஞ்சம்கூட வலி தெரியக் கூடாது என்று பயந்து ஒதுங்குபவர்களும், வலித்தால்தான் பலன் என்று வெறியோடு செய்பவர்களும் ஒரே மாதிரி நீண்ட காலம் வலியோடு இருக்கிறார்கள்.

தோள்பட்டை, தோள்பலகைத் தசைகளையும் விட்டுவிடக் கூடாது. மட்டையடியின் விசை காலில் கிளம்பி இடுப்பு, உடல், தோள் வழியாகக் கைக்கு வருகிறது. தோள் சோர்ந்தால் அந்தப் பற்றாக்குறையை முன்கை ஈடுகட்டப் பார்க்கும். முழங்கை வலிக்கு வந்தவரைத் தோளுக்குப் பயிற்சி செய்யச் சொல்லும் பிசியோதெரபிஸ்ட் நோயைப் புரிந்துகொண்டவர். முழங்கையைப் பக்கவாட்டில் மெல்ல நகர்த்திப் பிடித்துக்கொண்டு நோயாளியைக் கையை இறுக்கச் சொல்லும் கைமுறைச் சிகிச்சையும் உண்டு. அந்த நிமிடமே பிடிமானம் கூடுவதைப் பலர் உணர்கிறார்கள். அந்த நிம்மதியைப் பயன்படுத்திப் பயிற்சியைச் செய்துவிடலாம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், பயிற்சி செய்தவர்களுக்கும் சும்மா காத்திருந்தவர்களுக்கும் இடையில் வித்தியாசம் பெரிதாக இல்லை. பத்தில் எட்டு, ஒன்பது பேருக்கு ஒன்றிரண்டு வருடத்தில் இது தானாகவே தணிந்துவிடும். ஆனால் விளையாட்டு வீரருக்கு அந்த இடைப்பட்ட மாதங்கள் முக்கியம். வலி தணிந்த கை எவ்வளவு சுமை தாங்கும் என்பதும் முக்கியம். காத்திருந்து தணிந்த கை காய்கறிப் பையைத் தூக்கிவிடும். ஐந்து செட் ஆட்டத்தைத் தாங்க அதைப் பழக்கியிருக்க வேண்டும்.

ஆட்டத்தில் எதை மாற்றுவது

டென்னிஸில் ஒரு கையால் அடிக்கும் பேக்ஹேண்ட்தான் (புறங்கை முன்னால் வர அடிப்பது) முதல் சந்தேகம். தேர்ந்த ஆட்டக்காரர்களின் மணிக்கட்டு பந்து மோதும்போது சற்றே பின்னோக்கி வளைந்து உறுதியாக நிற்கிறது. புதியவர்களின் மணிக்கட்டு உள்ளே மடங்கியபடி பந்தைச் சந்திக்கிறது. மடங்கிய மணிக்கட்டைத் திருப்பி இழுக்கப் பாடுபடும் தசை மோதலில் நீட்சியடைகிறது, சேதம் அங்கேதான். பந்தை உடலுக்கு முன்னால் சந்திப்பது, தோளைத் திருப்பி அடிப்பது, முடிந்தால் இரண்டு கை பேக்ஹேண்டுக்கு மாறுவது ஆகியவை எந்த ஊசியைவிடவும் நீடித்த பலன் தரும். பயிற்சியாளரும் பிசியோதெரபிஸ்ட்டும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மட்டையின் ஸ்டிரிங் இறுக்கத்தை ஒன்றிரண்டு கிலோ குறைப்பது, விறைப்பான பாலியஸ்டர் ஸ்டிரிங்கிலிருந்து மென்மையானதற்கு மாறுவது, நனைந்து கனத்த பந்துகளைத் தவிர்ப்பது ஆகியவை எளிய மாற்றங்கள். மிக இலேசான, மிக விறைப்பான மட்டை அதிர்வைக் கைக்கே அனுப்பும். கைப்பிடி அளவு பற்றி வீரர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். ஆனால் அளவைக் கால் அங்குலம் கூட்டியும் குறைத்தும் பார்த்த ஆய்வில் முன்கைத் தசைகளின் உழைப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. கைக்குப் பொருந்துவதாக இருந்தால் போதும். அடிகளுக்கு இடையில் பிடியைத் தளர்த்தப் பழகுவது அதைவிடப் பயன் தரும். கிரிக்கெட்டில் கனமான பேட், பளுதூக்குதலில் உள்ளங்கை கீழே பார்க்கும் பிடி, பாறை ஏறுதலில் விடாத விரல்பிடி என்று ஒவ்வொரு விளையாட்டிலும் இதற்கு இணையான ஒன்று உண்டு.

வலி இருக்கும்போது ஆட்டத்தை முழுக்க நிறுத்த வேண்டியதில்லை. பேக்ஹேண்டைக் குறைத்து, காலசைவையும் வலிக்காத அடிகளையும் தொடரலாம். வாரத்துக்கு எத்தனை அடிகள், எத்தனை மணி நேரம் என்று எழுதி வைத்தால் வலி கூடியதன் காரணம் பெரும்பாலும் அந்தக் காகிதத்திலேயே தெரிந்துவிடும்.

மற்ற வழிகள்

முன்கைப் பட்டை: எலும்பு முனைக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீழே, தசையின் மேல் கட்ட வேண்டும். வலிக்கும் முனையின் மேலேயே கட்டினால் வலி கூடும். ஆடும்போது சிலருக்கு நல்ல ஆறுதல் தருகிறது. கழற்றிவிட்டால் அவ்வளவுதான், அது நாணைக் குணப்படுத்தாது. விரல் மரத்துப்போனால் இறுக்கம் அதிகம் என்று பொருள். டேப் ஒட்டுவதும் இதே வகைதான்.

வலிநிவாரணிகளில் டைக்ளோஃபெனாக் போன்ற மருந்தை மேலே தடவுவது சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். அதே வகை மாத்திரையைப் போட்டிக்குப் போட்டி விழுங்கும் பழக்கம் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நீர் வற்றிய உடலோடு ஆடும் வீரருக்கு ஆபத்து கூடுதல். நைட்ரோகிளிசரின் ஒட்டுப்பட்டையைச் சிறு துண்டாக வெட்டி வலிக்கும் இடத்தில் ஒட்டும் முறையும் உண்டு. சில ஆய்வுகள் சாதகமாக இருக்கின்றன, தலைவலி பொதுவான பக்கவிளைவு. ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து என்பதால் மருத்துவர் சொல்லாமல் தொடக் கூடாது.

வலிக்கும் இடத்தில் அதிர்வலைகளைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சைக்கு ஆய்வுகளில் கலவையான முடிவுகள். போலிச் சிகிச்சையோடு ஒப்பிட்டவற்றை மொத்தமாக வைத்துப் பார்த்தால் பலன் சொற்பம். பயிற்சியை மாதக்கணக்கில் சரியாகச் செய்தும் தேறாதவர் முயன்று பார்க்கலாம், அதையே முதலில் நாட வேண்டாம். தசையைத் தளர்த்தும் போட்டுலினம் ஊசி வலியைக் குறைக்கலாம், ஆனால் விரலைத் தூக்கும் தசை வாரக்கணக்கில் பலவீனமாகும். மட்டை பிடிக்க வேண்டியவருக்கு அது எப்படிச் சரிப்படும்?

பிஆர்பி (தட்டணுக்கள் செறிந்த பிளாஸ்மா) பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீரர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, சுழற்றிப் பிரித்து, தட்டணுக்கள் செறிந்த பகுதியை நாணுக்குள் செலுத்துவார்கள். அதிலுள்ள வளர்ச்சிக் காரணிகள் ஆறுவதைத் தூண்டும் என்பது எதிர்பார்ப்பு. 2010இல் 100 நோயாளிகளை வைத்து வெளிவந்த ஆய்வில் ஒரு வருட முடிவில் பிஆர்பி, ஸ்டீராய்டைவிடச் சிறப்பாக இருந்தது. நம்பிக்கை பரவியது. ஆனால் ஸ்டீராய்டு ஒரு வருடத்தில் காத்திருப்பதைவிடவே மோசம் என்று மேலே பார்த்தோம். அதை வென்றது பெரிய சாதனை ஆகாது. சரியான போட்டி உப்புநீர் ஊசியோடுதான். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட மதிப்பாய்வு, 32 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, ரத்தமோ பிஆர்பியோ போலி ஊசியைவிட நோயாளி உணரும் அளவுக்கு வலியையோ செயல்பாட்டையோ மேம்படுத்துவதாகத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தது. போட்டுக்கொண்டு தேறியவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஊசி இல்லாமலும் அதே வேகத்தில் தேறியிருப்பார்கள் என்பதுதான் ஆய்வு சொல்வது. ஊக்கமருந்து விதி இதற்குத் தடையாக இல்லை; 2010இல் தசைக்குள் போடுவதைத் தடை செய்த வாடா, 2011இல் அதை நீக்கிவிட்டது.

அறுவை சிகிச்சை எப்போது

ஆறு முதல் பன்னிரண்டு மாதம் சரியான பயிற்சி செய்தும் பலனில்லாத சிறுபான்மையினருக்குத்தான் அந்தப் பேச்சு. சச்சின் டெண்டுல்கர் 2004இல் இடது முழங்கையில் இந்த வலியால் போட்டிகளைத் தவறவிட்டு, கடைசியில் 2005 மே மாதம் லண்டனில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, அந்த ஆண்டே ஆட்டத்துக்குத் திரும்பினார். அவரைப் போன்றவர்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. அதே நேரம், 2018இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 26 நோயாளிகளில் பாதிப் பேருக்குச் சிதைந்த நாண் பகுதியை வெட்டி எடுத்தார்கள், மீதிப் பேருக்குத் தோலைத் திறந்து நாணைத் தொடாமல் மூடிவிட்டார்கள். இரண்டு பிரிவினரும் தேறினார்கள், இடையில் வித்தியாசம் தெரியவில்லை. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் கத்திதான் கடைசித் தீர்வு, அது நிச்சயம் பலிக்கும் என்று எண்ணி உடற்பயிற்சியை அரைமனதோடு செய்பவர்களுக்கு இது சொல்லப்பட வேண்டும்.

திரும்ப ஆடத் தொடங்குவதற்கு நாட்காட்டியைவிடப் பிடிமானம் நம்பகமான அளவுகோல். பிடிமானத்தை அளக்கும் கருவியில், முழங்கையை நீட்டிய நிலையில், வலியில்லாமல் எவ்வளவு இறுக்க முடிகிறது என்று இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். நல்ல கையின் பிடியை நெருங்கும்போது வலையருகே நின்று மென்மையான ஃபோர்ஹேண்டில் தொடங்கி, பிறகு பின்கோட்டிலிருந்து ஃபோர்ஹேண்ட், பிறகு இரண்டு கை பேக்ஹேண்ட் அல்லது ஸ்லைஸ், பிறகு சர்வ், கடைசியாக முழு வேகப் பேக்ஹேண்ட் என்று போகலாம். ஒவ்வொரு படிக்கும் இடையில் மறுநாள் காலை என்ன சொல்கிறது என்று கேட்க வேண்டும். மூன்று மாதம் ஆகலாம், ஆறு மாதமும் ஆகலாம். வலி நின்றதும் பயிற்சியை நிறுத்திவிடாமல், கனமான மணிக்கட்டுப் பயிற்சியை வாரத்துக்கு இரண்டு முறையாவது, பருவம் முழுக்கத் தொடருங்கள்.